வறுக்கும் முன் ஒரு தடவை, வறுத்த பின் ஒரு தடவை

கேள்வி: ஏற்காட்டிலிருந்து ஒரு கிலோ பச்சைக் காபிக் கொட்டை (வாஷ்டு அராபிகா, அதாவது பழச்சதையை நீக்கி, நொதிக்கவிட்டு, கழுவிக் காயவைத்த அராபிகா வகை) வாங்கி, இரும்புச் சட்டியில் கால் கிலோவாக வறுக்கிறேன். சில கொட்டைகள் கருகுகின்றன, சில வெளுத்தே நிற்கின்றன. டிகாக்‌ஷனில் ஊசல் வாடை வேறு. தப்பு வறுவலிலா, கொட்டையிலா?

பதில்: இரண்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஊசல் வாடை பெரும்பாலும் கொட்டையிலிருந்தே வருவது. தீயை எப்படிக் கூட்டிக் குறைத்தாலும் போகாது. அதனால் பொறுக்குவதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தட்டில் கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். நல்ல கொட்டை சாம்பல் பச்சையாகவோ நீலப் பச்சையாகவோ இருக்கும். முழுக்கக் கருத்ததையும் செம்பழுப்பாக மாறியதையும் எடுத்துவிடுங்கள். செம்பழுப்புக் கொட்டை ஒன்றை வெட்டி மோந்து பாருங்கள், புளித்த வாடை அடிக்கும். அளவுக்கு மீறி நொதித்தது அது. அழுகல் வாடையுள்ள ஒரே கொட்டை போதும், ஒரு ஈடு முழுவதும் பாழ். குண்டூசி குத்தியது போன்ற துளை, காய்த் துளைப்பான் வண்டின் வேலை. சுத்தமான ஒற்றைத் துளை என்றால் பெரிய பாதகமில்லை. பல துளைகள் இருந்தாலோ துளையைச் சுற்றிக் கருத்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். பூசணம் பிடித்ததில் மட்டும் தயவே வேண்டாம். ஓக்ராடாக்ஸின் என்ற நச்சு அதில் இருக்கக்கூடும், வறுத்தாலும் அது முழுதாக அழியாது.

உருண்டையாக இருக்கும் பீபெரியைச் சொத்தை என்று எறிந்துவிடாதீர்கள். காயில் இரண்டுக்குப் பதில் ஒரே விதை விளைந்தது, அவ்வளவுதான்.

உடைசலும் ஓடு போன்ற கொட்டையும் மெலிசாக இருப்பதால் முதலில் தீய்ந்துபோகும். உங்கள் கருகலில் ஒரு பங்கு அதுதான். முழுக் கொட்டையின் தட்டையான பக்கத்தில் மட்டும் கருந்திட்டு தெரிந்தால், அது சட்டியின் சூடு. கால் கிலோவைக் கையால் சீராகக் கிளற முடியாது. 100 கிராம் போட்டு, மிதமான தீயில் கை ஓயாமல் கிளறுங்கள். பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிப் படபடவென்று வெடிக்கும். அது ஓய்ந்து ஓரிரு நிமிடத்தில் இறக்கி, உடனே முறத்தில் கொட்டிப் புடையுங்கள். தோலும் பறக்கும், சூடும் ஆறும். 100 கிராம் 85 கிராம் அளவுக்கு வந்திருந்தால் நடுத்தர வறுவல்.

அப்புறம் இரண்டாவது பொறுக்கல். வெளுத்தே நிற்பவை பழுக்காத காயின் கொட்டைகள். சர்க்கரை குறைவு என்பதால் நிறம் ஏறாது. பச்சையில் இவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம், வறுத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். ஒன்றை மென்று பாருங்கள்: காகிதமும் வேர்க்கடலையும் கலந்த சப்பென்ற ருசி.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே மூட்டையிலிருந்து 100 கிராமைப் பொறுக்கியும், இன்னொரு 100 கிராமைப் பூசணம் பிடித்ததை மட்டும் நீக்கியும், ஒரே தீயில், ஒரே அளவு நேரம் தனித்தனியாக வறுங்கள். வறுத்த கொட்டையிலிருந்து வெளிவரும் வாயு அடங்க இரண்டையும் ஒரு நாள் விட்டு, ஒரே அளவில் டிகாக்‌ஷன் இறக்குங்கள். ருசி பார்க்கும்போது பால், சர்க்கரை, சிக்கரி எதுவும் வேண்டாம். மூன்றும் குறையை மூடிவிடும். பொறுக்கிய டிகாக்‌ஷனிலும் வாடை இருந்தால் அந்தக் கொட்டை பதப்படுத்தும்போதே கெட்டது. அடுத்த முறை வேறு இடத்தில் அரைக் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள்.