அண்ணாச்சி, அந்த மாத்திரைக்கு ஏன் இந்த விலை?

பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் மொத்த மருந்துக்கடை நடத்தியவன் நான். விலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். எந்த மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

மேலப்பாளையம் அக்கா ஒருவர்: அம்மாவுக்குச் சுகர். அரசு ஆஸ்பத்திரியில் சும்மா தருகிற மாத்திரையில் சத்து இருக்குமா அண்ணாச்சி?

இரண்டு அட்டையையும் திருப்பிப் பாருங்கள் அக்கா. கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்; பக்கத்தில் பொடியாக 'மெட்பார்மின் 500 மி.கி.' என்றிருக்கும். சர்க்கார் அட்டையில் அந்தப் பொடி எழுத்துதான் பெயரே. மருந்து ஒன்றுதான், வாங்குகிற விதம்தான் வேறு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே சேர்த்து டெண்டர் விட்டு, மருந்தின் பெயரிலேயே வாங்குகிறது. அவ்வளவு பெரிய ஆர்டர் என்றால் கம்பெனிக்காரர் இறங்கித்தானே வரவேண்டும்? பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் நிற்கிற கம்பெனி ரெப்பின் சம்பளம், சாம்பிள், காலண்டர் எதுவும் அந்த விலையில் ஏறாது. பேட்ச் பேட்சாக லேபில் சோதித்தும் அனுப்புகிறார்கள்.

ஆனால் சும்மா என்றும் சொல்ல மாட்டேன். பீடி சுற்றுகிறவர் வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போச்சு. அதுவும் மருந்துச் செலவுதான். 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா பெயரைப் பதிந்துவிடுங்கள்.

வள்ளியூர் தம்பி: அண்ணன் தான்சானியாவில் இருக்கிறான். அங்கேயும் நம்ம ஊர் மருந்துதானாமே, எப்படி?

1970 காப்புரிமைச் சட்டம்தான் காரணம். மருந்துக்கு உரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய நம்மவர்கள் பழகிக்கொண்டார்கள். எய்ட்ஸ் கூட்டு மருந்து ஒருவருக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001-இல் நம்ம நாட்டு சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. ஆப்பிரிக்காவுக்கு அது உயிர்த் தண்ணீர். 2005-இல் சட்டம் மாறி மருந்துக்கே உரிமை வந்துவிட்டது. அப்புறமும் ஒரு கதவு இருக்கிறது, கட்டாய உரிமம்: உரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் வேறு கம்பெனி அந்த மருந்தைச் செய்ய அரசு கொடுக்கிற அனுமதி. 2012-இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அதைக் கொடுத்தார்கள். மாதம் 2,80,000 ரூபாய் இருந்தது 8,800-க்கு வந்தது. அதன்பிறகு அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கல்லிடைக்குறிச்சி மாமா: அட்டையில் 90 ரூபாய், கடைக்காரர் 40-க்குத் தருகிறார். போலியா?

விலை குறைந்ததாலேயே போலி ஆகாது. கடைக்கு 15-க்கு வந்திருக்கலாம். அச்சடித்த விலை உச்சவரம்புதான், அடக்க விலை இல்லை. அரசு விலை வைக்கிற மருந்துக்கும் 2013 முதல் அடக்கத்தைப் பார்ப்பதில்லை. சந்தையில் ஓடுகிற பிராண்டுகளின் சராசரியோடு கடைக்காரருக்கு 16 சதம் சேர்க்கிறார்கள். விலை ஏறிய சரக்குகளின் சராசரி எங்கே இறங்கும்? பில் மட்டும் கேட்டு வாங்குங்கள் மாமா.

அம்பாசமுத்திரம் தங்கச்சி: நாலு மாத்திரை கேட்டால் முழு அட்டை வாங்கச் சொல்கிறார்களே?

காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வெட்டினால் மிச்சத்தைக் கம்பெனி திருப்பி எடுக்காது, நஷ்டம் கடைக்காரருக்கு. மறு ஓரத்தில் வெட்டித் தரச் சொல்லுங்கள். தேதியைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.