சதுர ஓட்டைக் காசுகள்: ஜப்பானின் கன்எய் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: சார், தாத்தாவின் பெட்டியில் ‘கன்எய் ட்சூஹோ’ காசு ஒன்று கிடைத்தது. அரியதா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. 1636 முதல் இருநூறு வருடங்களுக்கு மேல் வார்த்துத் தள்ளிய காசு அது. முதலில் பழையதா புதியதா என்று பாருங்கள். எழுத்துகளை மேல், கீழ், வலம், இடம் என்று படிக்க வேண்டும். இடப்பக்க எழுத்தின் அடியில் இரண்டு கால்கள் இருக்கும். அவை ஒட்டிக்கொண்டு கதகனா என்ற ஜப்பானிய எழுத்துமுறையின் ‘ஸு’ போல இருந்தால் பொதுவாகப் பழைய கன்எய். பிரிந்து ‘ஹா’ போல நின்றால் 1668-இல் தொடங்கிய புதிய கன்எய்.

கேள்வி: என்னிடம் உள்ளதன் பின்பக்கம் அலை அலையாக இருக்கிறதே?

பதில்: அது பித்தளையில் வார்த்த 4 மோன் காசு (மோன் என்பது அந்தக் கால ஜப்பானியப் பண அலகு). அலைகளை எண்ணுங்கள். 21 இருந்தால் 1768-இல் வந்த முதல் வகை, விலை கூடும். 11 என்றால் அடுத்த ஆண்டு முதல் வந்தது, மலிவு.

கேள்வி: தாய்க் காசு என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். எப்படி நம்புவது?

பதில்: அவசரப்படாதீர்கள். கையால் செதுக்கிய ஒரு காசை மணலில் பதித்துத் தாய்க் காசுகளை வார்ப்பார்கள். அவற்றை மறுபடி மணலில் பதித்துத்தான் புழக்கக் காசு. உலோகம் ஆறும்போது சுருங்கும்; அதனால் தாயைவிடப் பிள்ளை ஒரு பொடி சிறியது. பலர் வெளி விளிம்பை அளந்து ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். பெரிதாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். வீட்டில் காலிப்பர் வைத்தால், விளிம்பில் அரம் சரியாகப் படாத சாதாரணக் காசு! வெளி ஓரம் அரத்துக்கு அரம் மாறும். ஆகவே முகப்பில் விளிம்பு முடியும் உள்கோட்டிலிருந்து எதிர்ப்பக்க உள்கோடு வரை அளந்து, அதே வகைச் சாதாரணக் காசோடு ஒப்பிடுங்கள். கால் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். அப்புறம் பூதக்கண்ணாடியில் ஓட்டையின் உட்சுவரைப் பாருங்கள். மணலைக் கலைக்காமல் எழும்ப வேண்டும் என்பதால் தாய்க் காசில் அதை வழவழவென்று சீவியிருப்பார்கள். எழுத்தின் ஓரமும் கத்தி போல நிற்கும். இதே உள்ளளவுதான் போலியையும் காட்டிக்கொடுக்கும்: நல்ல காசிலிருந்து நகல் வார்த்தால் அது இன்னும் சுருங்கியிருக்கும்.

கேள்வி: முட்டை வடிவத்தில் ஒன்று வைத்திருக்கிறேன்.

பதில்: தெம்போ ட்சூஹோ, 1835-இல் தொடங்கியது, 100 மோன். பக்கவாட்டு விளிம்பில் பவுலோனியா மரத்தின் இலை முத்திரை குட்டியாக இருக்கும். சில பிரபுக்கள் திருட்டுத்தனமாக வார்த்ததும் உண்டு. முத்திரையின் வடிவம் மாறினால் அந்தச் சந்தேகம் வரும். சேகரிப்பவர்களுக்கு அந்தத் திருட்டுக் காசுதான் பிடிக்கும்!

கேள்வி: பச்சை பிடித்திருக்கிறது அண்ணா, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: அது குத்துவிளக்கு இல்லை தம்பி. அப்படியே விடுங்கள்.