ஸ்பலாத்: துவைத்ததா, துவைக்க வேண்டியதா?

புக்கரெஸ்ட் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: “‘ஸ்பலாத்’ என்றால் துவைத்தது என்று படித்தேன். ஆனால் வாஷிங் மெஷின் ‘மஷீன தெ ஸ்பலாத்’, துவைக்கும் வேலை ‘ஸ்பலாதுல்’. அழுக்குத் துணியையும் ‘தெ ஸ்பலாத்’ என்கிறார்கள். இது வினையா, பெயரா, பெயரடையா?”

மூன்றும்தான். ருமேனிய மொழியில் அந்தச் சொல்லை மட்டும் பார்த்தால் பிடிபடாது. முன்னும் பின்னும் ஒட்டுவதைப் பார்க்க வேண்டும்.

உங்கள் கையிலிருக்கும் துண்டையே எடுத்துக்கொள்வோம். ‘ப்ரொஸோபுல் யெ ஸ்பலாத்’ என்றால் துண்டைத் துவைத்தாயிற்று. ‘ப்ரொஸோபுல் யெ தெ ஸ்பலாத்’ என்றால் இனிமேல்தான் துவைக்க வேண்டும். வித்தியாசம் அந்தச் சின்ன ‘தெ’ மட்டுமே. மெஷின் சத்தத்தில் அது காதில் விழாமலே போகலாம். அதனால் பன்மையில் பேசிப் பழகுங்கள். துவைத்த துண்டுகள் ‘ஸ்பலாத்தெ’ ஆகிவிடும். துவைக்க வேண்டியவை அப்போதும் ‘தெ ஸ்பலாத்’தான். சட்டைக்கு ஒருமையிலேயே இது தெரியும், ஏனென்றால் ‘கமாஷ’ பெண்பால்: துவைத்த சட்டை ‘ஸ்பலாத’.

காரணம் இதுதான். ‘தெ’ இல்லாமல் துணியைப் பற்றிச் சொல்லும்போது அது பெயரடை. பால், எண்ணுக்கு ஏற்ப மாறும். ‘தெ’ சேர்ந்தால் ‘சுபின்’ என்ற வடிவம், மாறாது. பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் தெரிந்தவர்களும் இங்கே தடுமாறுவார்கள், அந்த மொழிகளில் இப்படியொரு வடிவம் இல்லை. நமக்குக் கொஞ்சம் சுலபம். ‘துணியைத் துவைத்தல்’ என்பதில் ‘துவைத்தல்’ தொழிற்பெயர்தான், ஆனாலும் வினையைப் போல ‘ஐ’யை ஏற்கிறது அல்லவா? சுபினும் அந்த ஜாதிதான்.

துணி துவைக்க ஆரம்பித்தேன் என்பதை ருமேனியர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ‘மாம் அபுகாத் தெ ஸ்பலாத் ரூஃபெ’: இதில் துணி நேரே செயப்படுபொருள், வினைக் குணம். ‘மாம் அபுகாத் தெ ஸ்பலாதுல் ரூஃபெலோர்’: ‘உல்’ ஒட்டியதும் சொல் பெயராகிவிட்டது, துணியும் ‘துணிகளின்’ என்று ஆறாம் வேற்றுமைக்குப் போய்விட்டது. இரண்டும் சரி.

‘அம் ஸ்பலாத்’ (துவைத்தேன்) பற்றிக் கவலை வேண்டாம். அது வெறும் வினை. ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் மாறாது.

அப்புறம், நாளை ஒரு துண்டுக் குவியலைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியது: ‘ஸுந்த் ஸ்பலாத்தெ ஸவ் தெ ஸ்பலாத்?’ துவைத்தவையா, துவைக்க வேண்டியவையா?