அப்பாவுக்கு மறதி நோய். முன்பே எழுதிக் கொடுத்த பவரை வைத்து அவர் இடத்தை நான் விற்கலாமா?

மருத்துவச் செலவுக்குத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அதற்குத்தான் அலைந்தேன். அவருக்கு விவரம் புரியாத நிலை வந்துவிட்டதென்றால், விற்காதீர்கள். நான் வக்கீல் இல்லை. தப்பு இருந்தால் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

2016இல் அப்பா எனக்குப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது அவருக்குப் பதிலாக நான் செயல்படும் பவர், எழுதிக் கொடுத்தார். அதில் எழுதிக் கொடுப்பவர் 'முதல்வர்', வாங்குபவர் 'முகவர்'. "இன்னைக்கு ஒரு நாள் நான்தான்டா முதல்வர்" என்று ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். ஐந்து வருடத்தில் என் பெயரே அவருக்கு மறந்துபோனது.

இடத்துக்கு ஆள் வந்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பத்திரம் எழுதுபவர், "பவர் இருக்கு, லைஃப் சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்த டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "உங்க பேர் என்னங்கய்யா?" என்றார். அப்பா தாத்தாவின் பெயரைச் சொன்னார். டாக்டர் பேனாவைத் திறந்தபடி என்னையே பார்த்தார். உயிரோடு இருக்கிறார் என்றுதான் எழுதவேண்டும், அது பொய்யும் இல்லை.

ஆனால் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவுப்படி முதல்வர் இறந்தாலும் சரி, சித்த சுவாதீனம் இழந்தாலும் சரி, முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். யாரும் ரத்துப் பத்திரம் எழுதவேண்டியதில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதியைச் சொல்லவில்லை. என்ன எழுதுகிறோம், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரிந்து முடிவெடுக்க முடிகிறதா? 12ஆம் பிரிவு பார்ப்பது அதைத்தான்.

'ரத்து செய்ய முடியாத பவர்' என்று சிலர் 202ஆம் பிரிவைக் காட்டித் தைரியம் சொல்வார்கள். அது முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமைப் பங்கு இருந்தால்தான். மகன் என்பதால் மட்டும் வராது.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவுக்குக் காப்பாளராக என்னை நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனு போட்டேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீடியோ காலில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பா நல்லாத்தானே இருக்கார், நீதான் பைத்தியப் பட்டம் கட்டுறே" என்றான். ராத்திரி மூன்று மணிக்கு அப்பா "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டைப் பிடித்து ஆட்டுவார். அவனுக்கு அங்கே அப்போது பகல்தான். போனை எடுக்க மாட்டான்.