உறைபனி வருமுன் வாழையையும் எலுமிச்சையையும் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: எங்கள் பக்கம் மார்கழியிலும் ஒரு மெல்லிய போர்வை போதும். இப்போது, இன்னும் ஐந்து நாளில் இரண்டு இரவுகள் மைனஸ் 4 டிகிரி வரை இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்திருக்கிறது. இரண்டு ஏக்கர் வாழை நிற்கிறது, பாதி குலை தள்ளிவிட்டது. மூன்று வயது எலுமிச்சை, தக்காளி நாற்று, கொஞ்சம் தீவனச் சோளம், இருபது ஆடுகள் உண்டு. நான்கு ஆடுகள் நிறைசினை. சொட்டுநீர்ப் பாசனம்தான். இந்த ஐந்து நாளில் என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். ஐந்து நாள் கையில் இருக்கும்போதே கேட்டது நல்லது. இந்த வேலையில் முக்கால்வாசி முதல் குளிர் இரவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மைனஸ் 4 டிகிரியில் வாழை இலையை எந்தப் போர்வையும் காக்காது. ஆனால் வாழையின் உயிர் கிழங்கில் இருக்கிறது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் ஒரே இலவசச் சூடு அந்த மண்தான். நான் சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை அந்தச் சூட்டை நம்பியவை.

முதலில் வரும் குளிர் எந்த வகை என்று பாருங்கள். காற்றே இல்லாமல், வானம் தெளிந்து, நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில் நிலம் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிர்கிறது. அப்போது கனத்த குளிர்காற்று தண்ணீர் போலவே பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆளுயரத்தில் அளந்த வெப்பத்தைவிடத் தரையை ஒட்டி இன்னும் சில டிகிரி குறைவாகவே இருக்கும். முன்னறிவிப்பில் வருவது ஆளுயரக் கணக்கு என்பதை மறக்காதீர்கள். இன்னொரு வகை, குளிர்ந்த காற்று வீசிக்கொண்டே வருவது. அதில் மேடு, பள்ளம் என்ற வித்தியாசம் அதிகம் இருக்காது. மூடுவதும் காற்றைத் தடுப்பதும்தான் அப்போது கைகொடுக்கும். பல சமயம் முதல் இரவு காற்றோடும் அடுத்த இரவு அசைவில்லாமலும் வரும். வயலின் தாழ்ந்த மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டி, இன்று முதலே விடியற்காலையில் பாருங்கள். முன்னறிவிப்புக்கும் உங்கள் வயலுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது நாலு நாளில் பிடிபட்டுவிடும்.

மண் ஈரமாக இருந்தால் பகல் வெயிலை அதிகம் வாங்கி வைத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணில் இடைவெளியெல்லாம் காற்று. அது சூட்டைக் கீழே இறக்காது, இரவில் மேலே விடவும் விடாது. அதனால் குளிருக்கு இரண்டு நாள் முன்பு மேல் ஓரடி மண் நனையும்படி தண்ணீர் விடுங்கள். சேறாக்க வேண்டாம். எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே கிடக்கும் சருகையும் களையையும் ஒதுக்கி, வெறும் மண்ணில் வெயில் படவிடுங்கள். மூடாக்கு போட்டால் கதகதப்பு என்று தோன்றும். வேருக்கு அது உண்மைதான். ஆனால் மண்ணின் சூடு மேலே மரத்துக்கு வராமல் தடுப்பதும் அதே மூடாக்குதான்.

இனி வாழை. முற்றிய தார்களை இப்போதே வெட்டிவிடுங்கள். பிஞ்சுத் தாரைச் சாக்கால் சுற்றலாம், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம். அந்த உழைப்பை அடிமரத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும், நல்ல ஈட்டிக்கன்று (ஈட்டி போல் குறுகிய இலையுள்ள பக்கக்கன்று) ஒன்றையும் சேர்த்து, ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணையுங்கள். மேலே வாழைச்சருகு போடலாம், இங்கே அது நல்லது. மேல் மரம் முழுக்கக் கருகினாலும் கிழங்கிலிருந்து கன்று வெடித்து வரும். அடுத்த தார் தள்ளிப்போகும், தோட்டம் போகாது.

ஆரஞ்சு, சாத்துக்குடி சேர்ந்த எலுமிச்சைக் குடும்பத்தில் குளிரை மிகக் குறைவாகத் தாங்குபவற்றில் ஒன்று எலுமிச்சை. மூன்று வயதுக் கன்றில் காக்க வேண்டியது ஒட்டுப்பகுதி, அதாவது வேர்ச்செடியோடு நல்ல ரகத்தை ஒட்டிய இடம். அதற்கு மேலே ஒரு முழம் வரை சுத்தமான மண்ணைக் குவித்து, கையால் தட்டி இறுக்குங்கள். குப்பையோ பச்சை இலையோ கலந்தால் பட்டை அழுகும். மேலே உள்ள கிளை எல்லாம் போனாலும், மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டில் ஒட்டு ரகத்தின் மொட்டு பிழைத்திருக்கும். குளிர் போனதும் மண்ணை மறக்காமல் விலக்கிவிட வேண்டும்.

நாற்றுக்குத் துணியோ சாக்கோ போர்த்தினால் ஓரம் தரையைத் தொட வேண்டும், மேலே கல் வைத்து அமுக்க வேண்டும். மரத்தின் தலையில் முண்டாசு மாதிரி கட்டிக் கீழே திறந்து விட்டால் மண்ணின் சூடு ஒரு துளிகூட உள்ளே தங்காது. பிளாஸ்டிக் தாள் என்றால் குச்சி நட்டுத் தூக்கிக் கட்டுங்கள். தாள் ஒட்டிய இலை மட்டும், அது ஒட்டிய வடிவத்திலேயே மறுநாள் கறுத்துப்போய் இருப்பதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். காலையில் வெயில் ஏறியதும் தாளைத் திறந்துவிட வேண்டும்.

இரவெல்லாம் தண்ணீர் தெளித்தால் பிழைக்கும் என்று யாராவது சொல்வார்கள். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி வெப்பம் விடுவது உண்மைதான், பெரிய தோட்டங்களில் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதே தண்ணீர் ஆவியானால் அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தைச் செடியிடமிருந்து பிடுங்கும். காற்று வீசினாலோ, நடு இரவில் மின்சாரம் போனாலோ, தெளிக்காமல் விட்டிருந்தால் வந்திருக்கும் சேதத்தைவிட அதிகம் வரும். பனி உருகும்வரை நிற்காமல் தெளிக்க வசதி இல்லாத உங்களுக்கு இது வேண்டாம். புகை போடுவதிலும் பலன் இல்லை. நிலத்திலிருந்து போகும் வெப்பத்தைப் புகை நிறுத்தாது, நெருப்பின் சூடுதான் கொஞ்சம் உதவும். காற்றில்லாத இரவில், ஆள் காவலோடு, ஒரே பெரிய தீக்குப் பதில் பல சிறு தீ மூட்டலாம்.

ஆடுகளுக்குக் குளிரைவிட ஈரம்தான் எமன். நனைந்த ரோமம் குளிரைத் தடுக்காது. காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் கூரையை ஒட்டிக் காற்றுப்போக்கு இருக்கட்டும். முழுக்க அடைத்தால் மூத்திர நெடியும் ஈரமும் சேர்ந்து சளி பிடிக்கும். காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்பி, அதில் கொஞ்ச நேரம் மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கால் நனைந்தால் இன்னும் போட வேண்டும். சாயங்காலம் உலர்தீவனத்தைத் தாராளமாக வையுங்கள், அசைபோடும் வயிற்றில் நார் புளிக்கும்போது வரும் சூடுதான் ஆட்டுக்கு அடுப்பு. அடைத்த கொட்டகைக்குள் கரிச்சட்டி மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், நச்சுவாயு ஆட்டையும் மனிதனையும் சேர்த்துக் கொல்லும். அந்த இரவில் குட்டி பிறந்தால் உடனே துடைத்து உலர்த்திச் சீம்பால் குடிக்கவிடுங்கள். துவண்டு கிடக்கும் குட்டியின் வாயில் விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே ஜில்லென்று இருந்தால் முதலில் சூடுபடுத்தி, அது தானாகச் சப்பத் தொடங்கிய பிறகுதான் பால் தர வேண்டும்.

சோளத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதிகப் பயம் அதில்தான். உறைபனி பட்ட சோளப்பயிரில் செல்கள் உடைந்து சயனைடு நச்சு வெளிப்படும். ஆடு மேய்ந்தால் நிமிடக்கணக்கில் விழும். பனிக்குப் பின் குறைந்தது ஒரு வாரம், பயிர் நன்றாகக் காயும்வரை, ஆடுகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். அடியிலிருந்து வரும் இளந்துளிர் இன்னும் மோசம், இரண்டடி உயரம் தாண்டும்வரை மேய்க்கக் கூடாது.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். குழாயில் நீர் நின்றால் வெடிக்கும். கடைசிப் பாசனம் முடிந்ததும் சொட்டுநீர்க் குழாய்களின் முனைகளைத் திறந்து வடித்துவிடுங்கள். வடிகட்டியையும் மோட்டாரையும் காலி செய்யுங்கள், வால்வுகளைப் பாதி திறந்து வையுங்கள்.

அப்புறம், குளிர் போன மறுநாள். கறுத்த கிளையைப் பார்த்ததும் கத்தி எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். எது செத்தது, எது பிழைத்தது என்பது துளிர் வரும்வரை தெரியாது. நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளே பச்சை தெரிகிறதா என்று வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே வெட்டி யூரியாவும் போட்டால் மரம் அவசரமாகத் துளிர்க்கும், அடுத்த குளிர் அதையும் எரிக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1894 டிசம்பர் உறைபனியில் ஆரஞ்சு மரங்கள் இலைகளை இழந்தும் பல பிழைத்தன. ஜனவரி வெதுவெதுப்பில் துளிர்விட்டு நின்றபோது 1895 பிப்ரவரியில் இரண்டாவது உறைபனி வந்து அடிமரம்வரை கொன்றது. மரத்தை அவசரப்படுத்த வேண்டாம். இலை இழந்த மரத்துக்குத் தண்ணீரைக் குறைத்து, வெயில் படும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். நிழல் போன பட்டை வெயிலில் வெடிக்காமல் இருக்கும்.