‘ஹெர்2 பாசிட்டிவ்’ மார்பகப் புற்றுநோய் என்றால் என்ன?

பயாப்சி (திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) அறிக்கையில் ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்று வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெர்2 எல்லோரிடமும் இருக்கும் மரபணுதான்; செல்லை வளரச் சொல்லும் புரதத்தை உருவாக்குகிறது. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தில் இதன் நகல்கள் பெருகி, அந்தப் புரதம் அளவுக்கு மீறிக் குவிந்துவிடுகிறது. செல்லும் ஓயாமல் பெருகுகிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? திசுவில் சாயமேற்றிப் பார்ப்பார்கள். சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்குத் தரும் மதிப்பெண் 3+ என்றால் பாசிட்டிவ். 2+ வந்தால் பதறாதீர்கள், அது இன்னும் முடிவல்ல. ஃபிஷ் பரிசோதனையில் மரபணு நகல்களையே எண்ணிப் பார்த்துச் சொல்வார்கள்.

ஒருகாலத்தில் இது மிக மோசமான வகைகளில் ஒன்றாக இருந்தது. 1998-இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. அது ஹெர்2 புரதத்திலேயே போய் ஒட்டிக்கொண்டு வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கிறது. அப்புறம், இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.