பிஎஸ்ட்ரீ: எந்த ப்ராசஸ் யாருக்குக் கீழே? – கேள்வி பதில்

லினக்ஸில் ஓடும் ப்ராசஸ்களை (அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை) தாய், பிள்ளை என்று மரமாக வரைந்து காட்டும் பிஎஸ்ட்ரீ கமாண்ட் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே. ஆப்ஷன்களில் 'பெரிய' என்று சொல்லாத இடங்களில் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துதான்.

கேள்வி: சார், பிஎஸ் இருக்கும்போது இது எதற்கு? என் சர்வரில் அடித்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்கிறது.

பதில்: பிஎஸ் தருவது பட்டியல். யார் யாருக்குக் கீழே என்பதை, பிபிஐடி எண்களை (பிஐடி என்பது ப்ராசஸின் எண், பிபிஐடி அதன் தாயின் எண்) பார்த்து நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும். பிஎஸ்ட்ரீ அந்த வேலையை ஒரே பார்வையில் முடித்துவிடும். இது பிஎஸ்மிஸ்க் என்ற பேக்கேஜில் வருகிறது. கில்ஆல், எஃப்யூசர் இரண்டும் அதே வீட்டுக்காரர்கள்தான். எழுதியவர் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர், பிறகு கிரெய்க் ஸ்மால் பராமரிப்புக்கு வந்தார். பதிப்புரிமை வரி 1993-ல் தொடங்குகிறது. உபுண்டு, டெபியனில் ஏபிடி மூலம் பிஎஸ்மிஸ்க்கை நிறுவுங்கள். எதையும் நிறுவக் கூடாத சர்வர் என்றால் 'பிஎஸ் ஏஎக்ஸ்ஜேஎஃப்' அடியுங்கள். பார்க்க அழகில்லை, ஆனால் வேலை நடக்கும்.

கேள்வி: சில பெயர்களுக்கு முன்னால் 4* என்று போட்டு, பெயரைச் சதுர அடைப்புக்குள் வைக்கிறது. சிலது நெளி அடைப்புக்குள் வருகிறது. என்ன அர்த்தம்?

பதில்: ஒரே தாய்க்குக் கீழே ஒரே மாதிரி நான்கு கிளைகள் இருந்தால், இடத்தை மிச்சம் பிடிக்க ஒன்றாகச் சுருக்கிவிடும். நெளி அடைப்புக்குள் இருப்பவை த்ரெட்கள், அதாவது ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள். அவை தொந்தரவாக இருந்தால் -பெரிய டி போடுங்கள். -பி போட்டால் பிஐடி எண்களும் வரும், சுருக்கலும் நின்றுவிடும். நான் வெறும் பிஎஸ்ட்ரீ அடிப்பதே அபூர்வம், எப்போதும் -பி உடன்தான். எண் தெரியாமல் மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: அண்ணா, எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய், லாக்அவுட் செய்தாலும் நிற்காமல் ஓட நோஹப் போட்டு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினேன். வெளியே வந்து மறுபடி லாகின் செய்து பார்த்தால் அது சிஸ்டம்டிக்குக் கீழே நிற்கிறது. நான் ஓட்டியதை சிஸ்டம்டி ஓட்டியதாக ஏன் காட்டுகிறது?

பதில்: சிஸ்டம்டி ஓட்டியதாக பிஎஸ்ட்ரீ சொல்லவில்லை. இந்த நிமிடம் யார் தாய் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பலர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ப்ராக் கோப்பகத்தில் ஸ்டாட் என்று ஒரு கோப்பு உண்டு. அதில் நான்காவது புலம் தாயின் பிஐடி. பிஎஸ்ட்ரீ மரம் கட்டுவது அதை வைத்துத்தான். நீங்கள் லாக்அவுட் செய்ததும் உங்கள் ஷெல் செத்தது, ஸ்கிரிப்ட் அனாதையானது. அனாதையைக் கெர்னல் வேறொருவரிடம் ஒப்படைக்கும். பழைய வழக்கப்படி அது பிஐடி 1, அதாவது கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் ப்ராசஸ்; உங்கள் சர்வரில் அது சிஸ்டம்டி. லினக்ஸ் 3.4-லிருந்து, நடுவில் இருக்கும் ஒரு மூதாதை 'அனாதைகளை நான் ஏற்கிறேன்' என்று முன்பே பதிவு செய்திருந்தால் அதற்குப் போகும். சப்ரீப்பர் என்று சொல்வது இப்படிப்பட்ட மூதாதையைத்தான். டெஸ்க்டாப்பில் பல ப்ராசஸ்கள் பிஐடி 1-க்குப் போகாமல், பயனருக்கென்று ஓடும் இன்னொரு சிஸ்டம்டிக்குக் கீழே வந்து நிற்பதும் இதனால்தான். டெர்மினல் செஷன்களைத் தக்கவைக்கும் டிமக்ஸின் சர்வர் உங்கள் லாகினுக்குக் கீழே தெரியாததும் இதே கதை: அது ஃபோர்க் செய்து (தன்னையே நகலெடுத்து), வேண்டுமென்றே தாயை விட்டுப் பிரிகிறது.

ஆக, பழைய தாய் யார் என்பது மரத்தில் மிஞ்சாது. ஆனால் தாய் மாறினாலும் சிகுரூப் (ப்ராசஸ்களைக் கெர்னல் பிரித்து வைக்கும் குழு) மாறுவதில்லை. 'சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ்' அடித்துப் பாருங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் பழைய லாகின் செஷன் பெயருக்குக் கீழேயே இருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் கிளப்பியதா, ஏதாவது சர்வீஸ் கிளப்பியதா என்று தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: டிஃபங்ட் என்று ஒரு ப்ராசஸ். கில் -9 கொடுத்தும் போகவில்லை.

பதில்: செத்ததை எப்படிக் கொல்வது? அது ஸாம்பி. அதன் மெமரியெல்லாம் விடுவிக்கப்பட்டாயிற்று. தாய் வந்து வெயிட் கால் மூலம் முடிவு நிலையை வாங்கிக்கொள்ளும் வரை, ப்ராசஸ் டேபிளில் ஒரு வரி மட்டும் காத்திருக்கும். 'பிஎஸ்ட்ரீ -எஸ் -பி' போட்டு ஸாம்பியின் பிஐடியைக் கொடுங்கள், மேலே இருக்கும் வம்சம் முழுவதும் வரும். உடனடி மேலே இருப்பதுதான் குற்றவாளி. அதை ரீஸ்டார்ட் செய்தால், ஸாம்பியை பிஐடி 1 (அல்லது சப்ரீப்பர்) ஏற்றுக்கொண்டு துடைத்துவிடும். ஒன்றிரண்டு ஸாம்பிகளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அது தாய் நிரலின் பக். டெவலப்பரிடம் போங்கள்.

கேள்வி: அப்படியானால் தாயைக் கொன்றால் பிள்ளைகளும் போய்விடுமா?

பதில்: போகாது, மேலே சொன்னபடி அனாதையாகும். மொத்தமாக நிறுத்த, ப்ராசஸ் குரூப்புக்கு (ஒரே எண்ணின் கீழ் சேர்த்து வைத்த ப்ராசஸ்களுக்கு) சிக்னல் அனுப்ப வேண்டும்: கில் கமாண்டில் குரூப் எண்ணுக்கு முன்னால் மைனஸ். அந்த எண்ணைப் பார்க்க பிஎஸ்ட்ரீ -ஜி.

கேள்வி: டாப்பில் கேவொர்க்கர் நிறையத் தெரிகிறது, பிஎஸ்ட்ரீயில் ஒன்றுமே இல்லையே?

பதில்: அவை கெர்னல் த்ரெட்கள். அவற்றுக்குத் தாய் பிஐடி 2, அதாவது கேத்ரெட்டி. பிஎஸ்ட்ரீ வழக்கமாக 1-லிருந்து வரையும். 'பிஎஸ்ட்ரீ 2' என்று அடியுங்கள்.

கேள்வி: டாக்கர் கன்டெய்னருக்குள் எக்ஸெக் போட்டு நுழைந்தேன். உள்ளே பிஎஸ்ட்ரீ ஓட்டினால் என் ஷெல்லே மரத்தில் இல்லை!

பதில்: உங்கள் ஷெல்லின் தாய் கன்டெய்னருக்கு வெளியே இருக்கிறது. கன்டெய்னருக்கென்று பிஐடி எண்கள் தனியே ஓடும் வட்டம்தான் பிஐடி நேம்ஸ்பேஸ்; அதற்குள் அந்தத் தாய்க்கு எண் கிடையாது, அதனால் பிபிஐடி 0 என்று வரும். 1-லிருந்து வரையும் மரத்தில் அது எப்படி விழும்? ஹோஸ்டிலிருந்து (கன்டெய்னர் ஓடும் கணினியிலிருந்து) பாருங்கள்: கன்டெய்னரைக் கவனித்துக்கொள்ளும் கன்டெய்னர்டி-ஷிம்முக்குக் கீழே எல்லாம் தெரியும். -பெரிய எஸ் போட்டால் நேம்ஸ்பேஸ் மாறும் இடங்களையும் குறித்துக் காட்டும். அப்புறம், கன்டெய்னருக்குள் பிஐடி 1 ஆக இருப்பது பெரும்பாலும் உங்கள் அப்ளிகேஷன்தான். அனாதைகளைத் துடைக்க அதற்குத் தெரியாவிட்டால் ஸாம்பி சேரும். டாக்கர் ரன்னில் --இனிட் ஆப்ஷன் இருப்பது அதற்காகவே: துடைக்கத் தெரிந்த ஒரு சின்ன நிரலை பிஐடி 1 ஆக வைக்கும்.

கேள்வி: மேக்கில் ஹோம்ப்ரூ மூலம் நிறுவினேன், நீங்கள் சொல்லும் ஆப்ஷன்கள் பொருந்தவில்லை.

பதில்: பெயர்தான் ஒன்று, நிரல் வேறு. அது ஃப்ரெட் ஹுக்ட் எழுதியது. அதன் உதவிப் பக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: பிஎஸ்ட்ரீயைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வாட்ச் கமாண்டோடு சேர்த்து ஓட்டினால் எல்லா ப்ராசஸையும் பிடித்துவிடலாமா?

பதில்: முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுக்கிறது, அவ்வளவே. இரண்டு படங்களுக்கு நடுவே பிறந்து செத்தது எதுவும் தெரியாது. சிபியு எகிறுகிறது, யாரென்று தெரியவில்லை என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இப்படிப்பட்ட அற்பாயுசு ப்ராசஸ்கள்தான். அதற்கு, கெர்னலைக் கண்காணிக்கும் கருவிகளின் தொகுப்பான பிசிசியில் இருக்கும் எக்ஸெக்ஸ்னூப்பை ரூட்டாக ஓட்டுங்கள். புது நிரல் கிளம்பும்போதே தாயின் பிஐடியோடு ஒரு வரி போடும்.